யூஸ்டு மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா வாங்கப் போறீங்களா? ஷட்டர் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு இப்படிப் பாருங்க

செகண்ட் ஹேண்டுல மீடியம் ஃபார்மட் (ஃபுல் ஃப்ரேமை விட பெரிய சென்சார்) டிஜிட்டல் தேட ஆரம்பிச்ச எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி முதல்ல கேக்குறது "ஷட்டர் கவுண்ட் எவ்ளோ ப்ரோ?" தான், அதாவது ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியிருக்குன்னு. கேக்கலாம். ஆனா சாதா டிஎஸ்எல்ஆர் வாங்கிப் பழகினவங்க அதே நெனப்போட இங்க வந்தா வர்ற பதிலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா இங்க சில கேமராவுல ஷட்டர் பாடிக்குள்ள இருக்கும், சிலதுல லென்ஸுக்குள்ள இருக்கும், சிலதுல ரெண்டு இடத்துலயும் இருக்கும், டிஜிட்டல் பேக் (கேமராவுக்குப் பின்னாடி மாட்டுற சென்சார் பெட்டி) மட்டும் தனியா வாங்கினா அதுல ஷட்டரே இருக்காது. அதனால விக்கிறவர் சொல்ற நம்பர் எந்த ஷட்டரோட நம்பர்னு தெரிஞ்சுக்கிறது தான் முதல் வேலை, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல: ஷட்டர் எங்க இருக்கு?

ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் வரிசையில 50எஸ், 50ஆர், 100, 100எஸ், அப்புறம் பென்டாக்ஸ் 645டி, 645இசட், இதெல்லாம் ஃபோக்கல் பிளேன் ஷட்டர். சென்சாருக்கு முன்னாடி மெல்லிசு பிளேடுங்க மேலேருந்து கீழ ஓடும். சென்சார் 44க்கு 33 மி.மீ., அதாவது ஃபுல் ஃப்ரேமை விட நல்லாவே பெருசு, அதனால பிளேடும் பெருசு, ஓட வேண்டிய தூரமும் அதிகம். ஃபிளாஷ் சிங்க் (ஃபிளாஷ் போட்டு எடுக்கக்கூடிய உச்ச ஸ்பீடு) 1/125-லயே நின்னு போறதுக்கு காரணம் இதான். மெக்கானிக்கல்ல உச்ச ஸ்பீடு 1/4000.

ஹாசல்பிளாட் வேற கதை. எச் வரிசையிலயும் (எச்3டி, எச்4டி, எச்5டி, எச்6டி) எக்ஸ்1டி, எக்ஸ்2டி-லயும் ஷட்டர் லென்ஸுக்குள்ள இருக்கு. லீஃப் ஷட்டர்னு சொல்வாங்க. அப்ப மூணு லென்ஸ் வாங்கினீங்கன்னா மூணு ஷட்டர் வாங்குறீங்கன்னு அர்த்தம், மூணும் வேற வேற அளவுக்கு தேஞ்சிருக்கும். எச் பாடிக்குள்ள மிரருக்குப் பின்னாடி ஒரு துணை ஷட்டரும் உண்டு, அது எக்ஸ்போஷர் அளக்காது, சென்சாருக்கு வெளிச்சம் படாம மறைக்கிற வேலை மட்டும் தான், ஆனா அது மக்கர் பண்ணினாலும் படம் கருப்பா தான் வரும். எக்ஸ்1டி பாடியில மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது.

ஃபேஸ் ஒன் எக்ஸ்எஃப் மாதிரி பாடியில ஃபோக்கல் பிளேனும் இருக்கும், ஷ்னைடர் லீஃப் ஷட்டர் லென்ஸ் போட்டா லென்ஸுல இருக்கிறதும் வேலை செய்யும். அங்க ரெண்டையும் செக் பண்ணணும், வேற வழியில்ல.

பழைய ஹாசல்பிளாட் 500 சீரிஸ் பாடியில சிஎஃப்வி டிஜிட்டல் பேக் மாட்டி விக்கிறவங்களும் இருக்காங்க. அதுல ஷட்டர் லென்ஸுல, முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும், எண்ணிக்கை எங்கயும் பதிவாகாது. கவுண்ட் கேட்டா விக்கிறவர் பேக்கோட நம்பரை சொல்லுவார், அதுக்கும் லென்ஸ் ஷட்டருக்கும் சம்பந்தமே இல்ல.

போறதுக்கு முன்னாடி ஃபைல் வாங்குங்க

நேர்ல பார்க்கக் கிளம்புறதுக்கு முன்னாடியே விக்கிறவர்கிட்ட இன்னைக்கு எடுத்த ஒரு ஒரிஜினல் ஃபைல் கேளுங்க. ரா ஃபைலா இருந்தா நல்லது, ஜேபெக்னாலும் கேமராவுலேருந்து நேரா வந்ததா இருக்கணும். இதுல எல்லாரும் மாட்டிக்கிற ஒரு இடம் இருக்கு. வாட்ஸ்அப்புல ஃபோட்டோவா அனுப்பினா அது படத்தை சுருக்கி உள்ள இருக்கிற விவரத்தையெல்லாம் துடைச்சு எடுத்துடும், அதனால டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க, இல்லன்னா டிரைவ்ல போட்டு லிங்க் தர சொல்லுங்க. லைட்ரூம்ல எக்ஸ்போர்ட் பண்ணினதும் வேண்டாம்.

அந்த ஃபைலை எக்ஸிஃப்டூல்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போட்டுப் பாருங்க. பென்டாக்ஸ்னா ஷட்டர் கவுண்ட்னே ஒரு வரி வரும். பென்டாக்ஸ்ல அந்த எண்ணை ஃபைலோட தேதி, நேரத்தை வச்சு மறைகுறியாக்கி எழுதி வச்சிருக்கு, அதனால ஃபைலை நோண்டியிருந்தா கோடிக்கணக்குல ஏதோ ஒரு லூசு நம்பர் வரலாம், பயப்படாம வேற ஒரிஜினல் கேளுங்க. சர்வீஸ்ல அந்த எண்ணிக்கையை சைபருக்குக் கொண்டு போகவும் வாய்ப்பு உண்டு. நல்லா உழைச்ச 645டி ஒண்ணுக்கு கவுண்ட் ஆயிரத்து சொச்சம்னு வந்தா, "சர்வீஸ் பில் இருக்கா?"ன்னு கேளுங்க. பில்லோட ஷட்டர் மாத்தினதுன்னா அது உங்களுக்கு லாபம்.

ஃபூஜியில இமேஜ் கவுண்ட்னு வரும். பேரைக் கவனிங்க, அது படத்தோட எண்ணிக்கை. எலக்ட்ரானிக் ஷட்டர்ல சத்தமே இல்லாம எடுத்த படத்துல பிளேடு அசையவே இல்ல, அதனால அந்த எண்ணை அப்படியே தேய்மானம்னு எடுத்துக்க முடியாது. போதாக்குறைக்கு ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணினா அது திரும்ப சைபர்லேருந்து ஆரம்பிக்கலாம். ஆக ஜிஎஃப்எக்ஸுக்கு "கவுண்ட் 2,000 தான் சார், பாருங்க"ன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டினா உடனே மயங்கி விழுந்துடாதீங்க. ஃபைல் பேர்ல இருக்கிற நம்பரை காட்டுறவங்களும் உண்டு, அது நாலு இலக்கம், 9999 தாண்டினா மறுபடி 0001, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஹாசல்பிளாட் எச்-ல இந்தத் தலைவலி குறைவு. மெனுக்குள்ள சிஸ்டம் ஸ்டேட்டஸ் ஸ்கிரீன்ல பாடிக்குத் தனியா, மாட்டியிருக்கிற லென்ஸுக்குத் தனியா எண்ணிக்கை வரும். ஒவ்வொரு லென்ஸா மாட்டி அந்த ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, லென்ஸோட சீரியல் நம்பரும் தெரியணும். இதை அனுப்ப மறுக்கிறவர்கிட்ட அதுக்கு மேல பேசி டைம் வேஸ்ட் பண்ண வேண்டாம்ங்கிறது என் கருத்து.

நம்பர் கிடைச்சிடுச்சு, இப்ப என்ன?

கம்பெனி சொல்ற கணக்கு தெரிஞ்சிருந்தா ஒப்பிட வசதி: 645டி-க்கு 50,000, 645இசட்-க்கு 1 லட்சம், ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், 100எஸ்-க்கு 1.5 லட்சம். இது காலாவதி தேதி மாதிரி கிடையாது. 50,000 தாண்டியும் ஓடிக்கிட்டு இருக்கும், அதுக்கு முன்னாடியே போயும் விடலாம். ஜிஎஃப்எக்ஸ்ல 30,000-ங்கிறது என்னைக் கேட்டா ஒரு விஷயமே இல்ல, ஆனா 645டி-ல 40,000-னா விலையில அது தெரியணும்.

கேமரா என்ன வேலை பார்த்துச்சுன்னு கேளுங்க. கேட்லாக் ஸ்டூடியோவுல டிரைபாட் மேல நின்னுக்கிட்டே எடுத்தது, கல்யாணத்துக்கு ஊர் ஊரா போனது, வாடகைக்கு ஓடினது, மூணும் ஒரே கவுண்ட் காட்டினாலும் ஒரே கேமரா இல்ல. வாடகை கேமராவுல கவுண்ட்டை விட அடி தான் பிரச்சனை. அதுக்கு நேர் எதிரா "வாங்கி அலமாரியில வச்சது, எடுக்கவே இல்ல"ன்னு வர்ற லென்ஸுங்க. ஃபோக்கல் பிளேனுக்கு அது ஓரளவு சந்தோஷமான செய்தி, ஆனா பல வருஷம் சும்மா கிடந்த லீஃப் ஷட்டர் லென்ஸ்னா எனக்கு சந்தேகம் தான் வரும். உள்ள இருக்கிற கிரீஸ், எண்ணெய் காய்ஞ்சோ இல்ல பிளேடு மேல ஏறியோ இருக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு ஃபங்கஸ் வேற. குறைஞ்ச கவுண்ட்டைப் பார்த்து அந்த லென்ஸுக்கு எக்ஸ்ட்ரா காசு குடுக்காதீங்க.

கையில வாங்கிப் பார்க்குறது: ஃபோக்கல் பிளேன்

பகல்ல போங்க. ராத்திரி எட்டு மணிக்கு யாரோட ஹால்லயாவது எல்இடி லைட்டுக்குக் கீழ நின்னு செக் பண்ணினீங்கன்னா படத்துல கோடு கோடா வரும், அது ஷட்டரா லைட்டான்னு உங்களால சொல்லவே முடியாது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில லைட்டுங்க ஒரு செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், 1/1000-ல எடுக்குற படம் அந்த மினுக்கல்ல ஒரு துண்டை தான் பிடிக்கும்.

வெயில் நேரா படாத, நிழல்ல இருக்கிற ஒரு வெள்ளைச் சுவரைப் பிடிங்க. மேகம் மூடின வானமும் ஓகே. மேனுவல் மோடு, அப்பர்ச்சர் எஃப்5.6, ஆட்டோ ஃபோகஸ் ஆஃப், ஃபோகஸை வேணும்னே கலைச்சு விட்டுடுங்க, சுவரோட சொரசொரப்பு தெரியக் கூடாது. ஷட்டர் டைப்னு மெனுல இருக்கும், ஜிஎஃப்எக்ஸ்னா அதை மெக்கானிக்கல்னு மாத்துங்க. இதை மறந்தா மொத்த டெஸ்ட்டும் வீண், ஏன்னா முன் கர்டனை (முதல்ல திறக்கிற பிளேடு செட்டை) எலக்ட்ரானிக்ல விட்டுட்டா பாதி ஷட்டரை தான் சோதிக்கிறீங்க.

இப்ப 1/125, ஐஎஸ்ஓ 100-ல ஒண்ணு எடுங்க. அப்புறம் ஸ்பீடை இரட்டிப்பாக்குறப்ப ஐஎஸ்ஓவையும் இரட்டிப்பாக்கிக்கிட்டே போங்க: 1/250-க்கு 200, 1/500-க்கு 400, 1/1000-க்கு 800, 1/2000-க்கு 1600, 1/4000-க்கு 3200. அப்பர்ச்சரைத் தொடாதீங்க, அதை மாத்தினா ஓரத்து இருட்டும் சேர்ந்து மாறும், குழப்பம். 645டி-ல ஐஎஸ்ஓ 1600 தான் உச்சம், அதனால அதுல கடைசி படத்துக்கு மட்டும் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் (எஃப்4-க்கு) திறந்துக்கோங்க. எல்லா படமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துல இருக்கணும். ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்சத்தைக் காட்டுற வரைபடம்) மலை ஒரே இடத்துல நிக்குதான்னு பாருங்க. 1/1000 வரைக்கும் நின்னுட்டு 1/2000-லேருந்து ஒரு பக்கமா நகர ஆரம்பிச்சா ரெண்டு கர்டனும் ஒரே வேகத்துல ஓடலன்னு அர்த்தம்.

அடுத்தது முக்கியம். 1/4000-லயே ஒரு பத்து படம் அடுத்தடுத்து எடுத்து பிளேபேக்ல வேகமா தள்ளிப் பாருங்க. எல்லாமே ஒரே மாதிரி லேசா மேல வெளிச்சம் கீழ மங்கல்னு இருந்தா அது கொஞ்சம் தேஞ்ச ஷட்டர், பேரம் பேசலாம். ஒண்ணு நல்லா, ஒண்ணு இருட்டா, ஒண்ணுல கருப்புப் பட்டைன்னு மாறி மாறி வந்தா அந்த ஷட்டர் போய்க்கிட்டு இருக்கு. அந்த மாறுற குணம் தான் பயப்பட வேண்டியது.

"சுவர்லயே ஒரு பக்கம் இருட்டு சார்"னு விக்கிறவர் சொல்லுவார். சொல்லட்டும், அது உண்மையாவும் இருக்கலாம். கேமராவை அப்படியே தலைகீழா கவுத்துப் பிடிச்சு அதே சுவரை இன்னொன்னு எடுங்க. பிளேபேக்ல ஆட்டோ ரொட்டேஷனை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. இருட்டு ஃப்ரேம்ல பக்கம் மாறிடுச்சுன்னா சுவர் தான் காரணம். கேமராவை எப்படி கவுத்தாலும் ஃப்ரேமோட அதே ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு நின்னா அது ஷட்டர். நாலு மூலையிலயும் சமமா இருட்டினா அது லென்ஸோட விக்னெட்டிங், விட்டுடுங்க. ஷட்டர் கோளாறு நீள ஓரத்துக்கு இணையா பட்டையா தான் வரும்.

ஜிஎஃப்எக்ஸ்ல இன்னொரு வசதி, அதே செட்டிங்ல எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாத்தி ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க. அதுல பிளேடே கிடையாது, அதனால அது சுத்தமா இருந்து மெக்கானிக்கல்ல மட்டும் பட்டை வந்தா வாதாட ஒண்ணுமில்ல. பென்டாக்ஸ்ல இந்த வழி கிடையாது, கவுத்துப் பார்க்குறது தான் கதி.

ஃபிளாஷும் டிரிகரும் இருந்தா எடுத்துட்டுப் போங்க. 1/125-ல அடிச்சு முழு ஃப்ரேமும் வெளிச்சமா வருதான்னு பாருங்க, ஓரத்துல கருப்பு விழுந்தா கர்டன் லேட்டா திறக்குது இல்ல சீக்கிரமா மூடுது. சில மலிவு டிரிகரே லேட்டா தான் சிக்னல் குடுக்கும், அதனால 1/60-லயும் ஒண்ணு எடுங்க, முடிஞ்சா வேற கேமராவுல ஒழுங்கா வேலை செய்ற டிரிகரையே கொண்டு போங்க.

லென்ஸைக் கழட்டிப் பார்க்குறப்ப காத்தடிக்கிற கேன், விரல், துணி எதுவும் உள்ள போகக் கூடாது. பென்டாக்ஸ்ல மிரர் அப் பண்ணினா பிளேடு நேரா தெரியும், டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. தட்டையா, மேட் கருப்பா இருக்கணும். மினுமினுன்னு எண்ணெய், ஒரு இடத்துல மட்டும் வளைவு, கீறல், விரல் ரேகை, இதுல எது இருந்தாலும் யாரோ உள்ள கை வச்சிருக்காங்க. ஷட்டர்லேருந்து எண்ணெய் தெறிச்சா சென்சார்லயும் புள்ளி விழும், எஃப்16-ல வானத்தை எடுத்தா தெரிஞ்சிடும், தூசின்னா ப்ளோயருக்குப் போகும், எண்ணெய்ப் புள்ளி போகாது.

சத்தத்தையும் கேளுங்க. பென்டாக்ஸ் மிரர் சத்தம் முதல் தடவை கேக்குறவங்களுக்கு ஏதோ உடைஞ்ச மாதிரி தான் இருக்கும், அது நார்மல். கவனிக்க வேண்டியது சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒண்ணா இருக்கான்னு தான். தொடர்ச்சியா எடுக்குறப்ப நடுவுல ஒண்ணு இழுத்து வந்தாலோ எரர் காட்டி பேட்டரியைக் கழட்டிப் போட்டா தான் சரியாகுதுன்னாலோ, "அப்பப்ப அப்படி தான் ஆகும், ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றதை நம்பாதீங்க. பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கட்டும், பழைய பேட்டரியே இப்படி நாடகம் ஆடும்.

லீஃப் ஷட்டர் லென்ஸுங்க

இங்க பட்டை வராது, பிளேடு லென்ஸுக்கு நடுவுல வட்டமா திறந்து மூடுறதால கோளாறு வந்தா மொத்தப் படமும் வெளிச்சமாவோ இருட்டாவோ மாறும். தேஞ்ச இல்ல பிசுக்கு ஏறின ஷட்டர் மெதுவா மூடும், அதனால உச்ச ஸ்பீடுல படம் அளவுக்கு மேல வெளிச்சமா வரும். பழைய எச்சி (HC, எச் கேமராவுக்கான) லென்ஸுல உச்சம் 1/800, எச்6டி வந்த 2016-லேருந்து வந்த புது லென்ஸுங்கள்லயும் முதல்ல வந்த எக்ஸ்சிடி (XCD, எக்ஸ் கேமராவுக்கான) லென்ஸுங்கள்லயும் 1/2000, பின்னாடி வந்த எக்ஸ்சிடி வி வரிசையில 1/4000. அந்த உச்சத்தை தான் சோதிக்கணும், 1/60-ல எல்லா லென்ஸும் நல்ல பிள்ளை.

அதே சுவர், அதே ஐஎஸ்ஓ ஏணி. ஆனா ஒரு நுணுக்கம் தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா நல்ல லென்ஸை வேண்டாம்னு விட்டுட்டு வந்துடுவீங்க. லீஃப் ஷட்டர் திறக்கவும் மூடவும் கொஞ்ச நேரம் எடுக்கும். அப்பர்ச்சர் சின்னதா இருந்தா பிளேடு கொஞ்சம் விலகினதுமே முழு துளையும் திறந்துடும், அதனால உச்ச ஸ்பீடுல, சின்ன அப்பர்ச்சர்ல படம் கொஞ்சம் கூடுதலா வெளிச்சமா வர்றது இயல்பு. அது ஷட்டரோட குத்தம் கிடையாது. அதனால எல்லா ஸ்பீடுக்கும் ஒரே அப்பர்ச்சர் வச்சு, முழுசா திறந்தே சோதிங்க, அப்புறம் உச்ச ஸ்பீடுல மட்டும் பத்து படம். இங்கயும் ஒண்ணுக்கொண்ணு மாறுதான்னு தான் பார்க்கணும்.

எச் கேமராவுல ஒரு படத்துக்கு லென்ஸ் ஷட்டர் மூடி, திறந்து, மூடி, திரும்ப திறக்கும். அதனால எங்கயாவது சிக்கினா வியூஃபைண்டர் இருட்டாவே நின்னுடும். ஏசி ரூம்ல சில்லுன்னு இருக்கிறப்ப முதல் நாலஞ்சு கிளிக்கைக் கவனிங்க, ஒட்டுற பிளேடு அப்ப தான் காட்டிக் குடுக்கும், சூடானப்புறம் ஒழுங்கா ஓடி ஏமாத்திடும். விக்கிறவர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே முப்பது நாப்பது தடவை தட்டி "வார்ம் அப்" பண்ணி வச்சிருந்தா கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு வந்து திரும்ப பாருங்க. முன்னாடி பக்கமா டார்ச் அடிச்சு பிளேடுல எண்ணெய்ப் பளபளப்பு இருக்கான்னும் பார்த்துடுங்க. எச்சி லென்ஸை அடாப்டர் வழியா எக்ஸ்1டி-ல போட்டு ஓட்டினவங்களும் இருக்காங்க, பாடி புதுசா இருந்தாலும் லென்ஸ் கிழமா இருக்கலாம்.

500 சீரிஸ் லென்ஸுக்கு ஃபோனே போதும். ஸ்லோ மோஷன் 240 ஃப்ரேம்ல வச்சு, லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு 1 செகண்ட், 1/2, 1/4, 1/15-னு தட்டி வீடியோ எடுங்க. 1/15-க்கு ஏறக்குறைய 16 ஃப்ரேம் திறந்திருக்கணும், 1/4-க்கு 60. 1 செகண்ட்ல உள்ள கிர்ர்ர்னு சீரா ஓடி முடியணும், நடுவுல நின்னு யோசிச்சா சர்வீஸ் பண்ணணும். 1/500-ஐ இந்த முறையில அளக்க முடியாது, அதை சிஎஃப்வி பேக்ல படம் எடுத்து தான் ஒப்பிடணும்.

டிஜிட்டல் பேக் மட்டும் வாங்கினா

கவுண்ட்டைப் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க. தேய ஒண்ணும் இல்ல. சிசிடி சென்சார் பேக்னா நடுவுல நேர்கோடா ரெண்டு பாதியும் வேற வேற நிறத்துல பிரியுதா, செத்துப்போன பிக்சல் வரிசை (டெட் காலம்னு சொல்வாங்க) கோடா தெரியுதா, மவுண்ட் பிளேட் நேரா உக்காருதா, பேட்டரி இன்னும் கிடைக்குதா, அவ்ளோ தான்.

விலை பேசுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன்

டெஸ்ட்ல என்ன வந்தாலும், பணம் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு ஷட்டர் மாத்த எவ்ளோ ஆகும், பார்ட்ஸ் இன்னும் வருதா, எத்தனை நாள் ஆகும்னு சர்வீஸ்ல கேட்டு, முடிஞ்சா மெயில்லயே எழுதி வாங்குங்க. 2010-ல வந்த 645டி-க்கும் 2021-ல வந்த 100எஸ்-க்கும் இந்த பதில் ஒண்ணா இருக்காது. லீஃப் லென்ஸ்னா எத்தனை லென்ஸோ அத்தனை தடவை பெருக்கிக்கோங்க. தேஞ்ச ஷட்டரோட வர்ற கேமராவோட விலையும் மாத்துற செலவும் சேர்ந்து நல்ல நிலைமையில இருக்கிற இன்னொன்னோட விலைக்குக் கீழ வந்தா மட்டும் பேசுங்க, சமமா வந்தாலே வேண்டாம், ஏன்னா அந்த அலைச்சல் உங்க தலையில.

டெஸ்ட் படத்தையெல்லாம் உங்க கார்டுலயே எடுங்க, விக்கிறவர் கார்டுல வேண்டாம். வீட்டுக்கு வந்து பெரிய ஸ்கிரீன்ல 1/4000 படங்களைத் திறந்து கான்ட்ராஸ்ட்டை முழுசா ஏத்திப் பாருங்க, கேமராவோட குட்டி ஸ்கிரீன்ல தெரியாத பட்டை அங்க தெரியும். அதைப் பார்க்குற வரைக்கும் அட்வான்ஸ் மட்டும் குடுங்க, அதுவும் திரும்பக் குடுப்பேன்னு மெசேஜ்ல எழுதி வாங்கிட்டு.